மறுக்கவும் உரிமை, கற்கவும் உரிமை

(எழுத்தாளர் டி. செல்வராஜ் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம், திண்டுக்கல்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் பாராட்டிப் பேசிவிட்டு, மாலை போட்ட படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கலைவது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தைச் சற்றுத் தள்ளி வைப்போம். செல்வராஜ் அவர்களின் வாழ்க்கையில் இருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறோம். பிழைப்புக்குத் தேவைப்படாத ஒன்றை ஒரு மனிதர் ஏன் வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொண்டே இருக்கிறார்? அப்படிக் கற்பது நம் மக்களுக்கு என்ன பொருள் தருகிறது?

1938இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, வழக்கறிஞராகி, இந்தத் திண்டுக்கல்லுக்கு வந்து தொழில் நடத்தியவர் அவர். 'தலித் இலக்கியம்' என்ற பெயர் தமிழில் பரவுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1960களில், நெல்லைச் சீமையின் ஒடுக்கப்பட்ட உழவுத் தொழிலாளர்களை வைத்து 'மலரும் சருகும்' எழுதினார். பிறகு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை வைத்து 'தேநீர்'. அதற்கும் பல ஆண்டுகள் கழித்து, 2010இல், நமது ஊரின் தோல் ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றிய 'தோல்' வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 72. 2012இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2019 டிசம்பரில் மறைந்தார்.

இந்த மூன்று நாவல்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். வயல், தேயிலை, தோல். ஒவ்வொன்றும் ஒரு தனி உலகம். அதில் கூலி அளக்கும் முறை வேறு, வசவு வேறு, உடம்பில் வரும் நோய் வேறு, சங்கம் கட்டிய விதம் வேறு. ஒரு நாவலுக்குக் கற்றதை வைத்து அடுத்த நாவலை எழுதிவிட முடியாது. ஒவ்வொரு முறையும் அவர் மாணவராகத்தான் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. நீதிமன்றத்துக் கட்டுகளுக்கு நடுவே இதைச் செய்தார். 'தோல்' எழுதாவிட்டாலும் அவர் வழக்கறிஞராகவே இருந்திருப்பார். சாப்பாட்டுக்குக் குறைவு வந்திருக்காது. ஆனாலும் எழுதினார்.

இப்போது நமது கேள்விக்கு வருவோம். "ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்குங்கள், புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள், வாழ்க்கை வளமாகும்" என்று வாரப் பத்திரிகைகளும் மேடைப் பேச்சாளர்களும் அறிவுரை சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அது யாருடைய ஓய்வு நேரத்தைப் பற்றிப் பேசுகிறது? நிலக்கோட்டைப் பக்கம் விடியும் முன்பே மல்லிகை பறிக்கப் போகும் பெண்ணுக்கு எது ஓய்வு நேரம்? வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் இரவு ஷிப்டு முடித்து விடுதிக்குத் திரும்பும் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் போய், "உன் பொழுதுபோக்கு என்னம்மா?" என்று கேட்டால் அவள் நம்மை எப்படிப் பார்ப்பாள்?

ஓய்வு இல்லாதது பாதிச் சிக்கல்தான். 'எனக்கு இது பிடித்திருக்கிறது, இதைக் கற்கப்போகிறேன்' என்று சொல்லும் இடத்தையே சாதி நமக்குக் கொடுக்கவில்லை என்பது மீதிப் பாதி. பிள்ளை பிறக்கும் முன்பே அதன் வேலை முடிவாகியிருந்தது. 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் விளக்குகிறார். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்யும் மனிதர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கிறது. அந்தப் பிரிவினையில் ஒருவரின் இயல்பான திறமைக்கோ சொந்த விருப்பத்துக்கோ இடமே கிடையாது. பொருளாதாரம் படித்தவர் அல்லவா? தனக்குப் பிடிக்காத வேலையில் கட்டிப் போடப்பட்ட மனிதருக்கு அந்த வேலையில் மனம் ஒன்றாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இதைப் புரிந்துகொள்ளத் திண்டுக்கல்காரர்களான நாம் வெகுதூரம் போக வேண்டாம். தோல் ஷாப்பை நினைத்துப் பார்த்தால் போதும். உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைக்க வேண்டும். சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிர் கழிய வைக்க வேண்டும். உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் இழைத்து எடுக்க வேண்டும். பிறகு ஆவாரம்பட்டை, கடுக்காய்ச் சாற்றில் நாள்கணக்கில் பதப்படுத்த வேண்டும். எந்தத் தோல் எத்தனை நாள் தாங்கும், சுண்ணாம்பு எப்போது போதும், பட்டைச் சாறு உள்வரை ஏறிவிட்டதா என்பதையெல்லாம் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடும் தொழிலாளர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். அது அறிவுதான். வேதியியல் வகுப்பில் சொல்லித்தர வேண்டிய அறிவு. ஆனால் அந்த அறிவைச் சுமந்த கைகளைச் சுண்ணாம்பு தின்றது. அந்தக் கைகளை ஊர் தீண்டத்தகாதவை என்றது. பதமான தோல் கப்பலேறியது. பதப்படுத்தியவர் பேகம்பூர்ப் பக்கத்துத் தெருக்களைத் தாண்ட முடியவில்லை.

திறமை இருந்தது, விருப்பம் கேட்கப்படவில்லை. நம் முன்னோர்களின் உழைப்பு வரலாற்றை இந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஏ. பாலசுப்பிரமணியம் போன்ற பொதுவுடைமைத் தலைவர்கள் இங்கே தோல் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியபோது, கூலியோடு மனித மரியாதையும் கோரிக்கையானது. 'தோல்' நாவலின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. குழியில் நின்றவர்கள் நிமிர்ந்து நின்று பேசக் கற்றுக்கொள்வதுதான் அந்தக் கதை.

இனித் தோலில் இருந்து பறைக்கு வருவோம். இரண்டும் ஒரே தோல்தானே.

பறையைப் பற்றி நம் இயக்கங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. சாவுக்கும் சாமிக்கும் கட்டாயமாக அடிக்க வைத்த கருவி அது. "இனி அடிக்க மாட்டோம்" என்று பல ஊர்களில் நம் பெரியவர்கள் பறையைக் கீழே போட்டார்கள், கிழித்தார்கள், எரித்தார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், ஊர்க் கட்டுப்பாட்டுக்கு ஆளானார்கள். 1927இல் மகத்தில் கூடிய மாநாட்டில் செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் கேட்டதும் இதே வழியில்தான். இழிவைச் சுமக்கும் வேலையை மறுப்பதே முதல் விடுதலை என்றார்கள்.

இன்னொரு பக்கம், இதே திண்டுக்கல்லில், சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு இருக்கிறது. பள்ளிப் படிப்பை இடையில் விட்ட நம் வீட்டு இளம்பெண்கள் அங்கே தங்கி, தையலும் பிற வேலைகளும் கற்பதோடு, பறையும் ஆட்டமும் கற்றார்கள். பெண்கள் தொடக்கூடாது என்று சொல்லப்பட்ட கருவியை இடுப்பில் சாய்த்து, நெருப்பில் காய்ச்சி, குச்சி பிடித்து, அடவு அடவாகக் கற்று, மேடையேறி அடித்தார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்திருக்கிறார். நம் ஊர் இழவு வீட்டு வாசலில் மட்டும் ஒலிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட ஒலியை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் உட்கார்ந்து கேட்கின்றன.

பறையைக் கீழே போட்ட தாத்தா சரியா, எடுத்து அடித்த பேத்தி சரியா என்று நாம் பட்டிமன்றம் வைத்திருக்கிறோம். இருவரையும் எதிரெதிரே நிறுத்துவதில்தான் தவறு இருக்கிறது. தாத்தா செய்யாமல் இருந்திருந்தால் பேத்தி செய்ததற்குப் பொருள் இல்லை. "அடிக்க மாட்டேன்" என்று சொல்ல ஒருவருக்கு உரிமை வந்த பிறகுதான், "அடிப்பேன்" என்று இன்னொருவர் சொல்வது விருப்பம் ஆகிறது. அதற்கு முன்பு அது கட்டளை. மறுக்க முடியாத இடத்தில் விருப்பம் என்று ஒன்று இருக்க முடியாது. நாம் இன்று சொல்ல வந்த முதன்மையான கருத்து இதுதான். மறுப்பதும் கற்பதும் ஒரே உரிமையின் இரண்டு கைகள்.

இந்த உரிமையைப் பறிக்கும் முயற்சிகள் அழகான பெயர்களில் வரும். 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தது. உழைப்பின் மதிப்பை உணர்த்தும் கல்வி என்றார்கள். குலக்கல்வி என்று மக்கள் அதற்குச் சரியான பெயர் வைத்தார்கள். பெரும் எதிர்ப்புக்குப் பின் 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டம் நீடித்திருந்தால் இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனை பேரின் அப்பாவும் அம்மாவும் பாதி நாள் சுண்ணாம்புக் குழிக்கோ பண்ணை மாட்டுக் கொட்டிலுக்கோ போயிருப்பார்கள்? நம் காலத்திலும் கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத் தொழில் என்ற நிபந்தனை வந்தது. தமிழ்நாடு அரசு 2024இல் அதை அப்படியே ஏற்க மறுத்தது. கைத்தொழில் கற்பது இழிவு என்று நாம் சொல்லவில்லை. தச்சர் மகள் தச்சு கற்கலாம். தோல் தொழிலாளி மகளும் தச்சு கற்கலாம். இருவரும் வேண்டாம் என்று விண்வெளி ஆய்வுக்கும் போகலாம். அப்பன் தொழில் என்பதற்காகப் பிள்ளையின் கையில் உளியைத் திணிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். "ஐயா, எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறார். எனக்கு முதலில் அரசுத் தேர்வு, வேலை, கடன் அடைப்பு. விருப்பமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு மாணவர் சொன்னால் அதில் தவறில்லை. வேலை வாங்குங்கள். இட ஒதுக்கீடு நாம் போராடிப் பெற்ற உரிமை. அதில் ஓர் இடத்தையும் விட்டுவிடக் கூடாது. ஆனால் 'பிறகு' என்ற அந்தச் சொல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசுவோம். அதற்குத் துணையாக இரண்டு முன்னோர்களை அழைத்துக்கொள்வோம்.

முதலாமவர் பண்டிதர் அயோத்திதாசர். 1845இல் பிறந்தவர். காத்தவராயன் என்ற தன் இயற்பெயரை விட்டு, தனக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டவர். சாதி கொடுத்த அடையாளத்துக்குப் பதிலாகக் கற்ற கல்வி கொடுத்த அடையாளத்தைச் சூடிக்கொண்டார் என்று நாம் அதைப் புரிந்துகொள்கிறோம். சித்த மருத்துவம் பார்த்துப் பிழைத்தார். தமிழ்ச் சுவடிகளோடு நிற்காமல் பாலியும் கற்றார். 1898இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, இலங்கைக்குச் சென்று பௌத்தம் தழுவினார். 1907இல், அறுபதைத் தாண்டிய பிறகு, 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். 1914இல் மறையும்வரை வரலாறு, மொழி, மருத்துவம், சமயம் என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

அந்த இதழைப் படித்தவர்கள் யார்? கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறை உடைத்த தமிழ்த் தொழிலாளர்கள் அவர்களில் முக்கியமானவர்கள். சுரங்கத்தில் இருந்து மேலே வந்து, உடம்பைக் கழுவி, பௌத்த சங்கத்தில் கூடிப் படித்தார்கள், விவாதித்தார்கள். மாரிக்குப்பத்தில் சித்தார்த்தா புத்தகசாலை நடத்திப் பண்டிதரின் நூல்களை அச்சிட்டார்கள். பிற்காலத்தில் அப்பாதுரையார் 'தமிழன்' இதழை அங்கிருந்தே நடத்தினார். பல்கலைக்கழகங்கள் பண்டிதரை மறந்திருந்த காலத்தில் அவரைக் காப்பாற்றி வைத்ததில் அந்தத் தொழிலாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளியிட்ட பிறகுதான் அறிவுலகம் திரும்பிப் பார்த்தது. அந்தத் தொழிலாளர்கள் 'ஓய்வு பெற்றபின் படிப்போம்' என்று இருந்திருந்தால் நமக்குப் பண்டிதர் கிடைத்திருப்பாரா?

இரண்டாமவர் அண்ணல். அவர் பட்டங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டத்துக்கு வெளியே அவர் கற்றதைப் பார்ப்போம். பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பியவருக்கு அது மறுக்கப்பட்டது, பாரசீகம் படித்தார். பிறகு தானாகவே சமஸ்கிருதம் கற்று, நம்மை இழிவுபடுத்திய நூல்களை மூலத்தில் கைவைத்துக் கேள்வி கேட்டார். பாலி கற்றார். அவர் ஆக்கிய பாலி இலக்கணமும் அகராதியும் அவருடைய எழுத்துத் தொகுப்பில் 16ஆம் தொகுதியாக இருக்கின்றன. சட்ட அமைச்சர், சர்க்கரை நோயாளி, இத்தனை வேலைகளுக்கு நடுவே வயதான காலத்தில் வயலின் கற்றார், ஓவியம் பழகினார். வயலினால் எந்தச் சட்டம் நிறைவேறியது? எதுவும் இல்லை. அதுதான் அதன் அழகு. எந்தப் பயனும் கருதாமல் ஒன்றை விரும்பும் உரிமை தனக்கு உண்டு என்று அவர் நினைத்தார். மறைவதற்கு முந்தைய இரவிலும் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரைப் பக்கங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் தனக்கு மட்டும் நேரம் தேடிக்கொள்ளவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது வேலை நேரத்தைக் குறைக்கப் பாடுபட்டார். 1946இன் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வாரத்துக்கு 54 மணி என்று இருந்ததை 48 ஆக்கியது. குறைந்த அந்த ஆறு மணி நேரம் யாருக்கு? படிக்க, பாட, பிள்ளையோடு உட்கார, சங்கக் கூட்டத்துக்குப் போக. கற்கும் ஆர்வம் தனிமனிதரின் நல்ல பழக்கம் என்றால், அதற்கான நேரம் கூட்டுப் போராட்டத்தின் விளைச்சல். இன்று வேலை நேரத்தை மீண்டும் நீட்டச் சொல்லும் குரல்கள் கேட்கும்போது, அது நம் பிள்ளைகளின் புத்தக நேரத்தைத்தான் கேட்கிறது என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே அந்த மாணவருக்கு நாம் சொல்வது இதுதான். செல்வராஜ் வழக்காடிப் பிழைத்தார், பண்டிதர் மருந்து கொடுத்துப் பிழைத்தார், கோலார் தொழிலாளர்கள் பாறை உடைத்துப் பிழைத்தார்கள். அவர்களுடைய ஆர்வம் அவர்களுக்குச் சோறு போடவில்லை. சோறு போட வேண்டும் என்று அவர்கள் அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் பிழைப்போடு பக்கத்திலேயே அதை வைத்துக்கொண்டார்கள். 'பிறகு' என்று தள்ளவில்லை. தேர்வுக்குப் படிக்கும் பொது அறிவுப் புத்தகத்தில் 'தோல் நாவலின் ஆசிரியர் யார்?' என்று ஒரு கேள்வி இருக்கும். விடையைக் குறித்துக்கொள்ளுங்கள், மதிப்பெண் வாங்குங்கள். அதோடு அந்த நாவலையும் ஒருநாள் எடுத்துப் படியுங்கள். இரண்டுக்கும் உள்ள தூரத்தை நீங்களே உணர்வீர்கள்.

மாணவரிடம் சொன்னால் மட்டும் போதாது. இயக்கத் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறியதும் அந்த மாவட்டத்தின் சாலைகளே மாறின. கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்று அவர்களை நிறுத்தி வைக்கவில்லை. நாமும் நம் மாலை வகுப்புகளைப் பாடநூலோடும் தேர்வுப் பயிற்சியோடும் நிறுத்த வேண்டாம்.

சிலவற்றைத் திட்டமாகவே முன்வைக்கிறோம். நம் மன்றம் செயல்படும் ஒவ்வொரு தெருவிலும் வாரம் ஒரு மாலை, தேர்வுக்குத் தொடர்பில்லாத எதையாவது கற்பதற்கென்று ஒதுக்குவோம். பறவை பார்ப்பது, நிழற்படம் எடுப்பது, பறை, சதுரங்கம், பழைய கல்வெட்டைப் படிப்பது என்று எதுவாகவும் இருக்கட்டும். என்ன வேண்டும் என்பதைப் பிள்ளைகள் சொல்லட்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் நூலக அறையும் அதற்கு நேரமும் கேட்டு மனுக் கொடுப்போம். தோல் ஷாப்பில் வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த பட்டை, சாறு, கத்தி, குழி ஆகியவற்றின் பெயர்களையும் முறைகளையும் மாணவர்கள் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்த அறிவு அவர்களோடு போய்விடக் கூடாது. அதே சமயம், அந்தப் பேரப்பிள்ளைகள் யாரும் அந்தக் குழிக்குள் இறங்கவும் கூடாது. படிக்காத தாய்மார்கள் "இந்த வயசுல எனக்கெதுக்கு?" என்று கேட்டால், அறுபதுக்குமேல் பத்திரிகை தொடங்கிய பண்டிதரையும், எழுபதுக்குமேல் 'தோல்' தந்த செல்வராஜையும் சொல்லுங்கள்.

இந்த ஊரில் மலைக்கோட்டை இருக்கிறது, பூட்டு இருக்கிறது, சிறுமலைப் பழம் இருக்கிறது, பிரியாணி இருக்கிறது என்று வருபவர்களிடம் பெருமையாகச் சொல்கிறோம். ஒரு நாவலும் இருக்கிறது என்று இனிச் சேர்த்துச் சொல்வோம். சுண்ணாம்பு தின்ற கைகளை ஒருவர் உட்கார்ந்து, கேட்டு, கற்று, எழுதிய நாவல். நாளை அந்த வரிசையில் இந்த அரங்கில் இருக்கும் ஒரு பெண் எழுதிய வானியல் புத்தகமும் சேரட்டும். அவள் விரும்பினால்.

ஜெய்பீம்.